முழுப் படம் அனுப்பவும்

நந்தனம்,
6 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய திருமதி செண்பகம் ராஜரத்தினம் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்திருக்கும் புத்தாண்டில் தாங்களும் குடும்பத்தாரும் நோயின்றி இருக்க விழைகிறோம்.

தங்கள் பெயரில் பதிவான சிறு சரக்கு வண்டி ஒன்று, பாலவாக்கத்துக்கு மேற்கே கால்வாயைக் கடக்கும் புதிய பாலத்தில் சில மாதங்களாகக் கட்டணம் செலுத்தாமல் போய்வருகிறது. இந்தப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தும் தடுப்பு கிடையாது. கேமராதான் எண் பலகையைப் படித்துக்கொள்ளும். எண்ணோடு இணைத்த முன்பணக் கணக்கு இருந்தால் கட்டணம் தானாகக் கழிந்து, பாலம் இறங்கும் இடத்தில் பச்சை விளக்கு எரியும். இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், பிறகு உரிமையாளருக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வரும். 'கட்டணம் கட்டாத வண்டியின் படம் வீடு தேடி வரும்' என்று பாலத்தின் இரு முனையிலும் பலகை வைத்திருக்கிறோம். தங்கள் வண்டி பலகையைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

எண் பலகையின் படம் இணைப்பில் உள்ளது. பாக்கியைச் செலுத்தவும். ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சாய்மா
பாக்கி வசூல் பிரிவு, கால்வாய்ப் பாலக் கட்டண அலுவலகம்


மயிலாப்பூர்,
13 ஜனவரி 2025

மேடம் அவர்களுக்கு, செண்பகம் எழுதுவது.

இங்கே நானும் வீட்டுக்காரரும் நலம். அவருக்கு முட்டிவலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் எப்படி இருக்கிறீர்கள்? நாளைக்குப் பொங்கல். உங்கள் பெயரைப் பார்த்தால் உங்கள் வீட்டில் பொங்கல் வைக்க மாட்டீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் லீவு உண்டே, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

நோட்டீஸ் கிடைத்தது. எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. எண்ணை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஒருத்தருடைய மூக்கை மட்டும் காட்டி இது உன் சொந்தக்காரனா என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? இந்த ஊரில் எண் பலகையைப் போலியாக மாட்டிக்கொண்டு சுற்றுகிறவர்கள் எத்தனை பேரோ. அதனால் முழுப் படம் அனுப்பவும். முக்கியமாகக் கண்ணாடிக்கு மேலே, வண்டியின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஓட்டுகிறவர் முகமும் தெரிந்தால் நல்லது.

இன்னொன்று. பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறேன். அந்த முகவரி கீழே உள்ளது. இனிமேல் அங்கேயே அனுப்பவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செண்பகம்


நந்தனம்,
27 ஜனவரி 2025

திருமதி செண்பகம் அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரித்ததற்கு நன்றி. நான் நலம். விடுமுறையில் தூங்க முடியவில்லை. அம்மாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். தங்கள் கணவரின் முட்டிவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

தாங்கள் கேட்டபடி முழுப் படம் இணைக்கப்பட்டுள்ளது. வண்டியின் நெற்றியில் மஞ்சள் ரேடியம் எழுத்தில் 'செண்பகம்' என்று இருக்கிறது. தங்கள் பெயரும் அதுவே என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஓட்டுநர் முகமும் தெளிவாக விழுந்திருக்கிறது. இது தங்கள் வண்டிதானா என்று உறுதி செய்து, பாக்கியைச் செலுத்தவும்.

நலம் நாடும்,
சாய்மா


மயிலாப்பூர்,
5 பிப்ரவரி 2025

சாய்மா மேடம் அவர்களுக்கு,

நானும் வீட்டுக்காரரும் நலம். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று எழுதவில்லையே. காலையில் வெறும் வயிற்றில் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். வாய் கசக்கும் என்று திட்டுவார்கள், திட்டிக்கொண்டே குடித்துவிடுவார்கள்.

படம் வந்தது. எவ்வளவு துல்லியமான கேமரா! சட்டைப் பொத்தான் கூடத் தெரிகிறது. வண்டி எங்களுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுகிற பையனுக்குத் தாடி பொருந்தவில்லை. இது ஆட்சேபம் இல்லை, சும்மா சொன்னேன்.

ஆனால் ஒரு படத்துக்கு ஒரு நாளைத்தான் ஒப்புக்கொள்ள முடியும். மற்ற நாட்களில் அதே வண்டிதான் போயிற்று என்று நான் எப்படி நம்புவது? அவற்றுக்கும் முழுப் படம் அனுப்பவும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பிச் சிரமப்பட வேண்டாம். மாதத்துக்கு ஒன்று போதும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செண்பகம்


நந்தனம்,
20 பிப்ரவரி 2025

திருமதி செண்பகம் அவர்களுக்கு,

வணக்கம். நலம்தானே? அம்மா வெந்தயம் குடிக்கிறார். தாங்கள் சொன்னபடியே திட்டுகிறார். இப்போது தங்களையும் சேர்த்து.

இந்தப் பிரிவில் எத்தனையோ ஆட்சேபங்களைப் படித்திருக்கிறேன். எண் பலகையில் சேறு பூசிவிட்டு மழைமேல் பழி போட்டவர் உண்டு. பலகைமேல் மனைவியின் துப்பட்டா பறந்து விழுந்தது என்றவர் உண்டு. அவர் ஒவ்வொரு வாரமும் அதே துப்பட்டாவோடு பாலத்தைக் கடந்தார். படத்தைத் தவணை முறையில் கேட்டவர் தாங்கள் ஒருவர்தான்.

நேரடியாகக் கேட்கிறேன். வண்டியை ஓட்டுபவர் யார்? தங்கள் அனுமதி இல்லாமல் ஓட்டுகிறாரா? அப்படியானால் எழுதிக் கொடுங்கள். வண்டியை நிறுத்த வேண்டிய பட்டியலில் சேர்த்து, பாலத்திலேயே மடக்கிப் போலீஸில் ஒப்படைப்போம். பதில் வராவிட்டாலும் அடுத்த மாதம் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

உடல்நலம் பேணவும்.

இப்படிக்கு,
சாய்மா


மயிலாப்பூர்,
28 பிப்ரவரி 2025

சாய்மா மேடத்துக்கு,

நலம் விசாரிக்க இப்போது மனம் நிலைகொள்ளவில்லை, மன்னிக்கவும். தயவுசெய்து வண்டியை நிறுத்தாதீர்கள். போலீஸ் வேண்டாம். அது திருட்டு வண்டி இல்லை. அவன் என் மகன்.

பெயர் சித்தார்த்தன். ஒரே பிள்ளை. மகளிர் குழுவில் கடன் வாங்கி என் பெயரில் அந்தக் குட்டி யானை வண்டியை எடுத்துக் கொடுத்தேன். எடுத்த அன்றைக்கே நெற்றியில் என் பெயரை ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் அப்பா, "ஏன்டா, பெத்தவன் பேரு போட எடமே கெடைக்கலியா?" என்று கேட்டார். "எனக்கு வண்டி ஓட்ட வராதுன்னு சொன்னது யாரு நைனா?" என்று சிரித்தான் இவன். அவரும் சிரித்தார். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது.

பாலவாக்கத்தில் லாரன்ஸ் என்று ஒருவர் ஐஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே லோடு ஏற்றப் போனவன் லாரன்ஸ் மகளைக் கட்டிக்கொண்டான். என் வீட்டுக்காரர் தன் தங்கை மகளை அவனுக்கு எடுப்பதாக வாக்கு கொடுத்திருந்தார். "என் தங்கச்சி வாசல்ல நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு போய் நிப்பேன்?" என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். அதோடு விடவில்லை. முண்டகக்கண்ணி அம்மன் கோயில் வாசலுக்கு என்னைக் கூட்டிப்போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். அவனோடும் அவன் பெண்டாட்டியோடும் பேசுவதில்லை, அவர்கள் மூஞ்சியில் முழிப்பதில்லை, அவர்கள் வாசலை மிதிப்பதில்லை. பண்ணிவிட்டேன். மீறினால் பாவம் பெற்ற பிள்ளை தலையில்தான் விடியும் என்று பயம். போன வருஷம் ஆடியில் இருந்து அவன் இருக்கிறானா, சாப்பிட்டானா, ஒன்றும் தெரியாது.

அப்போதுதான் உங்கள் நோட்டீஸ் வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். சத்தியத்தில் போட்டோ வரவில்லை. முழிப்பது என்றால் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வேண்டும். படத்தில் நான்தானே பார்க்கிறேன், அவன் என்னைப் பார்க்கவில்லையே. அம்மனுக்கும் இது புரியும்.

பாக்கியைக் கட்ட என்னிடம் சீட்டுப் பணம் இருக்கிறது. கட்டிவிட்டால் படம் வராது. அதனால்தான் கட்டவில்லை. இதைக் கையெழுத்துப் போட்டே ஒப்புக்கொள்கிறேன். அபராதம் எதுவானாலும் போடுங்கள், வண்டியை மட்டும் தொடாதீர்கள். அதில்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது.

இப்படிக்கு,
செண்பகம்


நந்தனம்,
25 மார்ச் 2025

திருமதி செண்பகம் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நோன்பு நடப்பதால் மாலையில் கொஞ்சம் தலைவலி இருக்கும், மற்றபடி ஒன்றும் இல்லை. தாங்கள் நலமா?

வண்டி திருட்டுப் போகவில்லை என்று பதிவு செய்துகொண்டேன். நிறுத்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பாக்கி அப்படியே நிற்கிறது.

ஒரு விதியைத் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது. கட்டணம் கட்டாத வண்டியின் படத்தை மட்டும்தான் நாங்கள் சேமித்து வைப்போம். கட்டிய வண்டியின் படம் அந்த நிமிஷமே அழிந்துவிடும். யார் கேட்டாலும் எடுத்துத் தர முடியாது.

மார்ச் மாத நோட்டீஸ் இணைப்பில் உள்ளது. முழுப் படம்.

இப்படிக்கு,
சாய்மா


மயிலாப்பூர்,
3 ஏப்ரல் 2025

அன்புள்ள சாய்மா மேடத்துக்கு,

ரம்ஜான் நல்லபடியாக முடிந்ததா? தலைவலி போயிருக்கும். அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு நாள் வெந்தயத்துக்கு லீவு விட்டிருப்பார்கள்.

மேடம், மார்ச் படத்தை நீங்கள் சரியாகப் பார்த்தீர்களா? முன் சீட்டில் அந்தப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் ஒரு கை இருக்கிறது. முகம் கண்ணாடியில் வெயிலடித்து மறைந்துவிட்டது, கை மட்டும்தான் தெரிகிறது. அந்தக் கையில் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும். எந்தப் பெண்ணும் லோடு வண்டியில் போகும்போது அத்தனை வளையல் போட்டுக்கொள்ள மாட்டாள். வளைகாப்பு முடிந்திருக்கிறது! அப்படியானால் ஏழாம் மாதம். என் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. மாமியார்க்காரி நான் இங்கே உட்கார்ந்து நோட்டீஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தக் கையில் முதல் வளையலை யார் போட்டார்களோ. அன்று இரவு கேசரி கிண்டினேன். "இன்னா விசேசம்?" என்றார் வீட்டுக்காரர். "ரவையில வண்டு வச்சிடும்போல கீது, அதான்" என்றேன். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எதைக் கொண்டாடிச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே.

மே கடைசியிலோ ஜூனிலோ பிரசவம் இருக்கும். அந்தச் சமயத்துப் படத்தை மட்டும் தவறாமல் அனுப்புங்கள். மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், எதிரில் உள்ள மாவு மில்லுக்கு அனுப்பலாம், மில்காரர் போன் எண் கீழே உள்ளது. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

உங்கள் செண்பகம்


நந்தனம்,
12 மே 2025

திருமதி செண்பகம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கோடை விடுமுறைக்குப் பள்ளி பூட்டியிருக்கும் என்று தெரியும். அதனால் இதைப் பள்ளி எதிரில் உள்ள மாவு மில் முகவரிக்கு அனுப்புகிறேன். தாங்கள் ஏற்கெனவே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவைத்திருப்பதாக மில்காரர் போனில் சொன்னார்.

எங்கள் கணினி நிதியாண்டு முடிந்ததும் பழைய பாக்கிகளுக்கெல்லாம் தானாக ஒரு நினைவூட்டல் அச்சடித்து அனுப்பும். அது பதிவில் உள்ள வீட்டு முகவரிக்குத்தான் போகும். என் கவனத்தில் அது இல்லாமல் போயிற்று. தங்கள் கணவர் அதை எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமை இங்கே வந்தார்.

"எம் பொண்டாட்டி பேர்ல நோட்டீஸ் வந்துகீது. நாங்க எவன்கிட்டயும் பாக்கி வெச்ச ஆளு இல்ல. எவ்ளோன்னு சொல்லும்மா, கட்டிட்டு போறேன்" என்றார். வண்டியை அடையாளம் காட்டுவதற்காகப் படத்தைக் காட்ட வேண்டியது எங்கள் முறை. காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "மேல இன்னா எழுதிகீது? கண்ணாடிய வூட்லயே வச்சிட்டேன்" என்றார். செண்பகம் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்றேன். பிறகு அவர் படத்தைப் பார்க்கவில்லை.

முழுப் பாக்கியையும் கட்டினார். இனிமேல் நோட்டீஸ் வராமல் இருக்க வழி உண்டா என்று கேட்டார். முன்பணக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். சொல்லவேண்டியது என் வேலை. தங்கள் வண்டி எண்ணோடு கணக்கைத் தொடங்கிப் பணம் போட்டுவிட்டுப் போனார். தங்கள் கடிதங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே இனி அந்த வண்டிக்குப் பச்சை விளக்குதான் எரியும். படம் இருக்காது. நீண்ட நாள் பாக்கி ஒன்று வசூலானதற்கு அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

சாய்மா


மயிலாப்பூர்,
19 மே 2025

சாய்மா மேடத்துக்கு,

நலம் என்று எழுத வேண்டும் என்பதற்காக நலம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம். கோபப்பட நியாயம் இல்லை என்பதும் தெரிகிறது, அதனால் கோபம் இன்னும் அதிகமாகிறது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "கட்டிட்டேன்" என்றார். "இன்னாத்த?" என்றேன். "பாலத்துக்கு" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் சாப்பிட்டுப் படுத்தோம். கோபத்தில் இவர் பிள்ளையைத் தலைமுழுகினார், இப்போது நாணயத்தில் எனக்கிருந்த ஒரே ஜன்னலையும் சாத்திவிட்டார். யாரைத் திட்டுவது?

பிரசவ நாள் நெருங்கிவிட்டது. முதல் பிரசவம். என் காலத்தில் எனக்கே பாதி உயிர் போய்த்தான் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணுக்கு அம்மா கிடையாது என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் யார் இருப்பார்கள்?

படம் அனுப்ப முடியாது, சரி. நீங்கள் தினமும் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்தானே. கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். அதற்கும் சட்டம் இடம் கொடுக்காவிட்டால் ஒரு வெறும் தாளில் 'நலம்' என்று மட்டும் எழுதிப் போடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

காத்திருக்கும்,
செண்பகம்


நந்தனம்,
8 அக்டோபர் 2025

அன்புள்ள செண்பகம் அம்மாவுக்கு,

நலம்.

இந்த ஒரு சொல்லைத்தான் மே மாதம் கேட்டீர்கள். எழுத முடியவில்லை. பணம் கட்டிய வண்டியின் படம் எங்கள் கண்ணுக்கு வருவதே இல்லை. பார்க்காமல் அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாமல் ஒரு கடிதத்தைத் தொடங்கினால் நீங்கள் என்ன நினைத்துக்கொள்வீர்களோ என்று, எழுதாமலே இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தபாலைப் பார்த்திருப்பீர்கள் என்று தெரியும். மன்னியுங்கள்.

ஆயுத பூஜை நாட்கள் எங்களுக்குச் சோதனையான நாட்கள். வண்டிக்கெல்லாம் மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, எண் பலகைமேலேயே சந்தனத்தை அப்பிவிடுவார்கள். கேமராவுக்கு எண் புரியாது. அந்தப் படங்கள் எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் கண்ணால் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நாளில் கழுத்து திரும்ப மறுக்கிறது.

பூஜை அன்று மாலைப் படங்களில் ஒரு குட்டி யானை இருந்தது. எண் பலகை முழுவதும் சாமந்தி மாலை. மற்ற வண்டிகளில் மேலே போட்ட மாலை சரிந்து வந்து எண்ணை மறைக்கும். இதில் மாலையைப் பலகை அளவுக்கு மடித்து, நான்கு மூலையிலும் நூல் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. ஆனால் நெற்றியைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள், அங்கே ஒரு பொட்டுச் சந்தனம்கூட இல்லை.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை நான் ஜனவரியிலேயே கவனித்தேன், எழுதவில்லை. கட்டணத்தை ஏய்க்கிறவர்கள் எண் பலகையைக் கழுவமாட்டார்கள், கேமராவைக் கண்டால் விரட்டிக்கொண்டு போவார்கள். உங்கள் மகன் ஒவ்வொரு முறையும் பலகையைக் கழுவி, கேமராவுக்குக் கீழே மெதுவாக, முகத்தை நிமிர்த்திக்கொண்டு போயிருக்கிறார். பாலத்து முனையில் நாங்கள் வைத்த பலகையை அவர் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கட்டாத வண்டியின் படம் வீடு தேடி வரும் என்று அதில்தான் எழுதியிருக்கிறதே. அவர் வண்டியின் படம் போகும் வீடு உங்கள் வீடு.

பிறகு மே மாதத்திலிருந்து அவருக்குப் பச்சை விளக்கு எரிய ஆரம்பித்தது. படம் இனிப் போகாது என்று புரிந்திருக்கும். கணக்கில் பணம் இருக்கும்போது எண்ணை மறைக்க வேறு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

எண் தெரியாத படத்தை வழக்கமாகக் கழித்துவிடுவோம். வேறு அடையாளத்தால் உரிமையாளரைக் கண்டுகொள்ள முடிந்தால் மட்டும் நோட்டீஸ் அனுப்பலாம் என்று ஒரு விதி உண்டு. நான் இந்த வேலைக்கு வந்து இதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை. எண்ணை வேண்டுமென்றே மறைத்ததற்கான நோட்டீஸ் இத்துடன் இருக்கிறது. இந்த வகை நோட்டீஸுக்கு முழுப் படம் கட்டாயம்.

நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. விதிப்படி இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். உங்கள் கணவரிடம் கண்ணாடி இருக்கட்டும்.

அம்மா உங்களை விசாரிக்கச் சொன்னார். சர்க்கரை குறைந்திருக்கிறது.

அன்புடன்,
சாய்மா


மயிலாப்பூர்,
26 அக்டோபர் 2025

என் அன்புள்ள சாய்மாம்மாவுக்கு,

நலம், நலம், நலம். கழுத்து இப்போது எப்படி இருக்கிறது? நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தடவி, வெந்நீரில் குளி. அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்தது பெரிய சந்தோஷம்.

உன் தபால் சனிக்கிழமை வந்தது. தபால்காரர் இவர் கையில்தான் கொடுத்தார். பிரித்துப் படத்தை எடுத்தவர் என்னிடம் நீட்டினார். "மேல இன்னா எழுதிகீது, படி" என்றார். கண்ணாடி அவர் தலையில்தான் ஏற்றிவிட்டிருந்தது.

"செண்பகம்" என்று படித்தேன்.

"அவ்ளோதானா?"

"கீய இன்னொண்ணு கீது."

"இன்னா?"

படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தேன். "பேபி ரத்தினமேரி" என்றேன்.

ராஜரத்தினம் என்ற இவர் பெயரில் பாதி அது. குழாயடிக்குப் போய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடியும் போய்க் கழுவினார். "ரத்தினம் தனியா கீதா, மேரியோட சேத்து கீதா?" என்று கேட்டார். சேர்த்துத்தான் இருக்கிறது என்றேன். தலையில் இருந்த கண்ணாடியை இறக்கித் தானே ஒரு தரம் படித்துப் பார்த்தார். அவர் தங்கை மகளுக்கு ஆவணியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த வாக்கும் போய்விட்டது, வீம்பு மட்டும்தான் பாக்கி இருந்தது. சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க?"

"பாலத்தாண்ட. நோட்டீஸ் வந்துகீதே, கேக்காம வுட்டுட்டு குந்திக்கினு இருக்க சொல்றியா?"

காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார். கீழே ஹாரன் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், பெற்ற பிள்ளை குரல் மாதிரி. மூன்று மாடியும் அந்த முட்டியை வைத்துக்கொண்டு இவர் தனியாக ஏறி வந்தார். மார்போடு ஒரு துண்டுச் சுருட்டல். மூச்சு வாங்க நின்று, "சத்தியம் அவனுக்கும் அவன் பொண்டாட்டிக்குந்தான். இது அப்போ பொறக்கவே இல்ல. புடி" என்று என் கையில் வைத்தார்.

நாலு மாதக் குழந்தை. காது அப்படியே அவன் காது. என் மூக்குத்தியைப் பிடித்து ஒரே இழுப்பு. இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்து புடி, பாத்து புடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நான் பிள்ளையே பெறாதவள் மாதிரி. பிரசவத்தில் மருமகளுக்கு ஒரு குறையும் இல்லையாம். பக்கத்து வீட்டு மீன்காரம்மா கூடவே இருந்தாளாம். அந்த அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் அம்மன் கோயிலுக்குப் போய்ச் சத்தியத்தை எடுத்துவிடலாம் என்கிறார். பாலத்து நோட்டீஸைக் கட்ட அவனே திங்கட்கிழமை உன் ஆபீசுக்கு வருவான். தாடியை எடுக்கச் சொல்லி நீயே சொல்வதுபோல் அவனிடம் சொல். இனிமேல் எனக்குப் படம் அனுப்ப வேண்டாம்மா. நீ செய்ததை நான் மறக்க மாட்டேன். வழியில் மயிலாப்பூர் வந்தால் வீட்டுக்கு வா, கேசரி கிண்டுகிறேன். இந்தத் தடவை காரணம் சொல்லியே கிண்டுவேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் சத்தியம் சத்தியம்தான். அன்றைக்கு அவன் கீழே வண்டிப் பக்கத்தில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான் என்று இவர் சொன்னார். நான் பார்க்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனது கொடியில் காயும் துணியை எடுக்கத்தான். அன்றைக்குத் துணியே துவைக்கவில்லை என்பது போய் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது.

என்றும் அன்புடன்,
செண்பகம்